“பிள்ளை, இது என்ன எண்டு ஒருக்காப் பார்”

வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலையில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நின்றாலும் யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்து, “பிள்ளை, இது என்ன எண்டு ஒருக்காப் பார்” என்று ஒரு பழைய இரும்பை நீட்டுவார்கள். பார்த்துச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. அதைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதுதான் நெஞ்சைப் பதற வைக்கிறது.

போன வருடம் தூரத்து உறவில் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். காற்றுக்குக் கதவு அடிக்காமல் அடியில் ஒரு இரும்பை முண்டு கொடுத்திருந்தார். பார்த்தால் உலக்கைப் பூண் போல, மண்ணும் துருவும் திரண்டு கிடந்தது. வால் முறிந்துபோன 81 மில்லிமீற்றர் மோட்டார் குண்டு அது. காணி துப்புரவாக்கும்போது எடுத்ததாம். “ஒண்டும் செய்யாது பிள்ளை, துருப்பிடிச்சுப் போச்சு” என்றார். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் அந்தக் கதவடியில்தான் விளையாடுவார்கள். எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவித்தோம். நீதிமன்ற அனுமதி எடுத்து, விசேட அதிரடிப்படையினர் ஒரு வெறுங்காணியில் வைத்து அதை வெடிக்கவைத்தார்கள். சத்தம் கேட்டதும் அந்த அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

துருப்பிடித்தால் சக்தி போய்விடும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. துருப்பிடிப்பது வெளிக்கோது மட்டும்தான். உள்ளே இருக்கும் டி.என்.டி. என்ற வெடிமருந்து தண்ணீரில் எளிதில் கரையாது, பல பத்தாண்டுகள் கிடந்தாலும் வீரியம் குறையாது. முதலாம் உலகப் போர் 1918இல் முடிந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உழவர்களின் கலப்பையில் அந்தக் காலத்துக் குண்டுகள் இன்றைக்கும் சிக்குகின்றன, இன்றைக்கும் ஆட்களைக் கொல்கின்றன. எங்கள் போர் முடிந்தது 2009இல்தானே.

பழசாகும்போது சில குண்டுகள் முன்னைவிட மோசமாகின்றன. கைக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாதுகாப்பு ஊசி துருவில் இற்றுப்போயிருக்கும். பக்கத்தில் படிந்திருக்கும் தகட்டுப் பிடியை அதுவரை அழுத்திப் பிடித்திருப்பது சுற்றியுள்ள மண் மட்டும்தான். தூக்கி மண்ணைத் தட்டினால் பிடி விலகிவிடும், பிடி விலகினால் குண்டு வெடிக்கும். வேறு சிலவற்றின் பற்றவைப்பானில் ஈய அசைட் என்ற மருந்து இருக்கும். ஈரம் பட்டு அது செம்போடு சேர்ந்தால் செப்பு அசைட் உண்டாகும். சின்ன உரசல் போதும், அது வெடிக்க.

“புலிகளின் தங்கம்” காட்டில் புதைந்து கிடக்கிறது என்ற கதையை நம்பி உலோகம் கண்டறியும் கருவியோடு இரவில் காடு தோண்டும் பெடியன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கருவியின் வளையம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும், அதைத்தான் கருவி சத்தமாக்கித் தருகிறது. தங்கமா, ஷெல்லா, மீன் பேணியா என்று அது சொல்லாது. இரும்புச்சத்துள்ள செம்மண்கூடச் சில வேளை கத்தும். எனக்குக் கேட்ட சத்தங்களில் பெரும்பாலானவை ஆணி, சன்னக் கோது, பழைய பட்டரி. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு நாள் அதே சத்தத்துக்கு ஒரு குழந்தையின் வெள்ளிக் கால்சங்கிலி வந்தது. அன்று மத்தியானம் எங்கள் அணியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சத்தம் வந்த இடத்துக்கு நேர் மேலே நாங்கள் தோண்டுவதில்லை. ஒரு சாண் முன்னே தள்ளிக் குழி எடுத்து, பக்கவாட்டில் மண்ணைச் சீவிச் சீவி விளிம்பைத் தேடுவோம். மிதிவெடியின் அழுத்தத் தட்டு மேல்பக்கம் இருப்பதுதான் காரணம். இங்கே அதிகம் கிடைக்கும் பி4 மிதிவெடி உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வெடிமருந்து 30 கிராம்தான், ஆனால் ஒரு பாதத்தை எடுத்துவிட அது போதும். மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியும் உண்டு. எனவே இரும்பாகத் தெரியவில்லை என்பதும் ஒரு தைரியமில்லை.

பெரிய ஷெல்லின் அடிப்பக்கத்தில் பச்சை படிந்த செப்பு வளையம் ஒன்று இருக்கும். பழைய இரும்பு வாங்குபவர்கள் செம்புக்கு நல்ல காசு தருவதால் அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றப் பார்க்கிறார்கள். அந்த வளையத்தில் சரிவான கீறல்கள் இருந்தால், அது பீரங்கிக் குழாய்க்குள்ளால் போய்ச் சுடப்பட்ட குண்டு என்று எங்களுக்கு விளங்கும். சுடப்பட்டு வெடிக்காமல் விழுந்தது என்றால், வெடிப்பதற்கான முன்வேலை உள்ளே பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்படிப்பட்ட குண்டின் மேல்தான் சுத்தியல் விழுகிறது.

சரி, கண்டால் என்ன செய்வது? நின்ற இடத்திலேயே நில்லுங்கள். வந்த காலடியிலேயே திரும்பிப் போங்கள். போகும் வழியில் ஒரு கிளையில் துணி கட்டினால் பிறகு இடம் பிடிபடும். கிட்ட நின்று போன் பேச வேண்டாம். தள்ளி வந்து 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். குப்பை கூட்டி எரிக்கும் முன் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

பொலிஸ் விசாரணைக்குப் பயந்து இரவோடிரவாகக் கிணற்றில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள். தனியே சொல்லப் பயமென்றால் மாதர் சங்கத்திலோ கோயில் நிர்வாகத்திலோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்றில் போட்டால், பிறகு கோடையில் சேறு அள்ள இறங்குபவரின் மண்வெட்டிதான் அதைக் கண்டுபிடிக்கும்.

என்னிடம் காட்ட வேண்டுமா, தாராளமாக வாருங்கள். வெறுங்கையோடு வந்து, எங்கே கண்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.