பணவீக்கம்: வீங்குறது பணமா, விலையா?

டிவியில "பணவீக்கம் கூடிருச்சு"ன்னு சொன்னதும் எங்கம்மா, "எங்கடா வீங்குச்சு, என் பர்ஸு இளைச்சுல்ல கெடக்கு"ன்னாங்க. சிரிச்சுட்டு விட்டுட்டேன், அப்புறம் யோசிச்சா சரியான கேள்விதான், மாசாமாசம் கணக்கெடுக்கிறது விலைவாசிய, பேரு மட்டும் பணத்துமேல.

இன்ஃப்ளேஷன்ங்கிறதுக்கு மூலம் லத்தீன், "உள்ள ஊதுறது"ன்னு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காக்காரங்க அத நோட்டுக்குத்தான் சொன்னாங்க, உள்நாட்டுப் போர்ச் செலவுக்கு அரசாங்கம் பச்சை நோட்டா அடிச்சுத் தள்ளுச்சே, அந்த மாதிரி நோட்டு உப்புறதுதான் இன்ஃப்ளேஷன், விலை ஏறுறது அதோட விளைவு. போகப்போக விளைவுக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. நம்ம "பணவீக்கம்" சொல்லளவுல இன்னும் பழைய அர்த்தத்துலயே நிக்குது.

அப்போ பணம் வீங்குறத வச்சே நாளைக்கு விலை ஏறுமான்னு சொல்லிடலாமா? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனோட வாதம் அதான், பணவீக்கம் எப்பவும் எங்கயும் பணம் சம்பந்தப்பட்ட சமாச்சாரம்னு அவர் சொன்னது 1963ல பம்பாயில அச்சான உரையில. கொரோனா சமயத்துல அது பலிச்ச மாதிரியே இருந்துச்சு: அமெரிக்காவுல கையில இருக்கிற காசு, பேங்க் டெபாசிட் எல்லாம் சேர்ந்த எம்2, 2021 பிப்ரவரியில ஒரே வருஷத்துல சுமார் 27% கூடியிருந்துச்சு, 2022 ஜூன்ல விலையேற்றம் 9.1%. நடுவுல 16 மாசம்.

ஆனா 2008க்கு அப்புறம் அமெரிக்க மத்திய வங்கி டிரில்லியன் கணக்குல பணத்த உருவாக்கியும் விலை அசையல, ஏன்னா அதுல பெரும்பகுதி பேங்குங்க மத்திய வங்கியிலயே போட்டுவச்ச ரிசர்வாவே தூங்குச்சு. பணம் எவ்வளவு இருக்குங்கிறதோட எவ்வளவு வேகமா கைமாறுதுங்கிறதும் முக்கியம், அந்த வேகத்த முன்கூட்டியே எவனாலயும் சொல்ல முடியல. நம்ம ரிசர்வ் வங்கியும் பணக் கொள்கைய ஆராய்ஞ்ச சக்ரவர்த்தி கமிட்டியோட 1985 அறிக்கைக்கப்புறம், எம்3ங்கிற, காசும் பேங்க் டெபாசிட்டும் சேர்ந்த கணக்கோட வளர்ச்சிக்கு இலக்கு வச்சுப் பாத்துட்டு, 1998ல அத மட்டும் நம்புறத விட்டுருச்சு.

நாட்டுல மொத்தம் எவ்வளவு பணம் இருக்குங்கிற மணி சப்ளைக்கு இங்க "பண அளிப்பு", இலங்கையில "பண நிரம்பல்". எனக்கு நிரம்பல்தான் பிடிக்குது, அளிப்புன்னா யாரோ தானம் பண்ற மாதிரி கேக்குது. பணவீக்கம்ங்கிற சொல்ல இனி யாரும் மாத்தப் போறதில்ல, மாத்தவும் வேணாம், ஆனா கடையில ரேட்டு ஏறினதச் சொல்லும்போது "விலையேற்றம்"னே எழுதலாம். விலைவாசி இறங்குற டிஃப்ளேஷனுக்கு "பணவாட்டம்"னு வச்சவர் யாரோ, கெட்டிக்காரர்.