எலக்ட்ரீசியன் பயிற்சி நிலையம் தொடங்கப் பணம் போடும் முன்

இரண்டு வருடம் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு, “சான்றிதழ் செல்லாது என்கிறார்கள்” என்று வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். அவர்களிடம் கட்டணம் வாங்கியவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். எது அங்கீகாரம் என்பதே தெரியாமல் சேர்க்கை நடத்தியவர்களும் உண்டு. பிள்ளைக்கு நேரும் நஷ்டம் இரண்டிலும் ஒன்றுதான்.

தனியார் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவு நடத்த ஒன்றிய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககம், அதாவது டிஜிடி, இணைப்பு என்னும் அங்கீகாரம் தர வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான மாநிலத் துறை, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. பின்னணி இவ்வளவு போதும்.

அறக்கட்டளைப் பதிவு, உத்யம் பதிவு, ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ சான்று ஆகிய எதுவும் அங்கீகாரம் ஆகாது. நீங்கள் ஒரு தொழில் நடத்துகிறீர்கள் என்பதற்குத்தான் உத்யம். என்ன கற்பிக்கிறீர்கள் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. இதை வைத்துக்கொண்டு “அரசுப் பதிவு பெற்றது” என்று பலகை மாட்டுகிறார்கள். “இணைப்பு வந்துவிடும், சேர்க்கையைத் தொடங்குங்கள்” என்று தரகர் சொல்வார். தொடங்காதீர்கள். அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் காலத்துக்குள் மாணவர் பெயர் அதற்கான அரசு இணையதளத்தில் ஏறியாக வேண்டும். ஏறாத பிள்ளைக்கு, ஐடிஐ மாணவர்கள் எழுதும் அகில இந்தியத் தொழில் தேர்வின் நுழைவுச்சீட்டு வராது.

“உதவி எலக்ட்ரீசியன்” போன்ற குறுகிய காலப் பயிற்சி வேறு வழி. அதன் சான்றிதழும் உண்மையானதுதான், ஆனால் ஐடிஐ படித்தவருக்குக் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழுக்கு அது ஈடாகாது. மின்வாரியத்தின் கள உதவியாளர் வேலைக்கு ஐடிஐ கேட்கும்போது அதைக் காட்டிப் பயனில்லை. அந்த வகை நிலையம்தான் நடத்தப் போகிறீர்கள் என்றால், கட்டணம் வாங்கும் முன்பே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கட்டடத்துக்கு வருவோம். எலக்ட்ரீசியன் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர், பணிமனைக்கு 98 சதுர மீட்டர், 5.2 கிலோவாட் மின்சாரம். வகுப்பறையும் அலுவலகமும் இதில் சேராது. குடியிருப்புக்கு அனுமதி வாங்கிய வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டு, வீட்டு மின் இணைப்பிலேயே பயிற்சி நடத்தலாம் என்று நினைப்பவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். மும்முனை இணைப்பு இல்லாத இடத்தில் மும்முனை மோட்டாரை எதைக் கொண்டு ஓட்டிக் காட்டுவது? கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம். ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்று காலாவதியாகும், மறுபடி முதலிலிருந்து நடக்கவிடுவார்கள். அதனால் காலக்கெடு குறைவாக உள்ள சான்றைக் கடைசியில் வாங்குங்கள்.

பயிற்றுநர் விஷயத்தில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். பொறியியல் பட்டத்துடன் ஓராண்டு அனுபவம், டிப்ளமோவுடன் இரண்டு ஆண்டு, ஐடிஐயுடன் மூன்று ஆண்டு என்பது விதி. முதலாண்டு, இரண்டாம் ஆண்டு இரண்டுக்குமான இரு பயிற்றுநர்களில் ஒருவர் பட்டம் அல்லது டிப்ளமோ படித்தவராகவும், மற்றவர் ஐடிஐ அல்லது அப்ரண்டிஸ் சான்று பெற்றவராகவும் இருக்க வேண்டும். இருவருக்கும் பயிற்றுநர் பயிற்சிச் சான்றிதழும் தேவை. இரண்டு பொறியாளர்களை வைத்தால் தரம் கூடும் என்று நினைத்தால் கோப்பு திரும்பிவரும். வேறெங்கோ வேலை பார்ப்பவரின் சான்றிதழை வாடகைக்கு வாங்கிப் பதிவேட்டில் ஒட்டுவது இன்னும் மோசம்.

ஆய்வு நாளுக்கு மட்டும் வாடகைக்கு வரும் இயந்திரங்களையும் பார்த்திருக்கிறேன். டிசி மோட்டார் தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அடியில் போல்ட் இல்லை, முனைகளில் வயர் பூட்டிய தடம்கூட இல்லை. மறுநாள் அது வண்டியேறிவிடும். மும்முனை மோட்டாரை ஓடத் தொடங்க வைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைத் திறந்தே பார்க்காத பிள்ளை நாளை யாரோ ஒருவருடைய மில்லில் மின்சாரத்தில் கை வைக்கப் போகிறான். இதை எந்த வகையிலும் மன்னிக்க முடியாது.

சேர்க்கையில் ஒரு கண்ணி உண்டு. எலக்ட்ரீசியனுக்குப் பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியலோடு தேர்ச்சி வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்தவருக்கு வயர்மேன் பிரிவு இருக்கிறது. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எலக்ட்ரீசியனில் உட்கார வைத்தால், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. பெயர், பிறந்த தேதி, தலைப்பெழுத்து மூன்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப் பார்த்துப் பதிவேற்றுங்கள். பதிவில் ஒரு எழுத்து பிசகினால் தொழிற்சான்றிதழிலும் அதே பிழை ஏறும், திருத்த அலைவது மாணவர்தான். வருகை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பித்த பிறகு “ஃபைல் மேலே போயிருக்கிறது” என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். குறை சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6(1) பிரிவில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் “ஏன் தாமதம்” என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள். கோப்பின் எண், அது இன்று எந்த அலுவலரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, இதுவரை எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள்.