பிள்ளைகளை ஒப்பிடுவதற்கு முன் ஸ்கேனைப் பாருங்கள்

காக்லியர் இம்பிளாண்ட் (செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும், உட்செவிக்குள் வைக்கும் கருவி) பொருத்திய இரண்டு பிள்ளைகளை ஒப்பிட வேண்டுமென்றால், முதலில் அவர்களுடைய ஸ்கேன் அறிக்கைகளை ஒப்பிடுங்கள். கோலாலம்பூரில் செவித்திறன் நிபுணராக வேலை செய்யும் என்னிடம் பெற்றோர் அதிகம் கேட்பது இதுதான்: “அதே கருவி, அதே வயசுல ஆபரேஷன். அவங்க பிள்ளை பேசுது, எங்க பையன் சத்தத்துக்குத் திரும்பக்கூட இல்லையே மிஸ்?” அதற்குள் வீட்டில் யாராவது, தாய் சரியாகப் பயிற்சி தரவில்லை என்று சொல்லியிருப்பார்கள். கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்றும் சொல்லியிருப்பார்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காக்ளியா எனப்படும் உட்செவியின் சுருள் கருவின் முதல் சில வாரங்களில் உருவாகிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரிய வரும். பிறவியிலேயே கேட்காத பிள்ளைகளில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினருக்கு உட்செவியின் எலும்பு அமைப்பிலேயே கோளாறு இருப்பது ஸ்கேனில் தெரியும். தாயைக் குறை சொல்வதை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, கோளாறு என்றால் எந்தக் கோளாறு? 1791-இல் கார்லோ மொண்டினி என்ற இத்தாலிய மருத்துவர், இறந்துபோன 8 வயதுச் சிறுவனின் காதை ஆராய்ந்து எழுதினார். இரண்டரைச் சுற்று இருக்க வேண்டிய காக்ளியா அவனுக்கு ஒன்றரைச் சுற்றோடு நின்றிருந்தது. அதன் பிறகு எந்த உட்செவிக் கோளாறாக இருந்தாலும் ‘மொண்டினி’ என்று எழுதிவிடும் பழக்கம் பரவியது. இன்றும் சில அறிக்கைகளில் அந்த ஒற்றைச் சொல்லைப் பார்க்கிறேன். அது எனக்குப் போதாது. துருக்கியைச் சேர்ந்த காது மருத்துவர் சென்னாரோலு 2002-இல் வெளியிட்டு, பிறகு விரிவாக்கிய வகைப்பாட்டில் உட்செவிக் கோளாறுகள் 8 பெரும் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பிள்ளை எந்தப் பிரிவில் வருகிறது என்பதைப் பொறுத்து அறுவை சிகிச்சையும் மாறும், நாம் எதிர்பார்க்க வேண்டியதும் மாறும்.

காக்ளியாவின் உட்பிரிவுகள் முழுமை பெறாத நிலையில் மூன்று வகைகள் உண்டு. மொண்டினி கண்டது இன்று இரண்டாம் வகையில் அடங்கும். அடிச்சுற்று நன்றாக இருப்பதால், இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே கேட்கப் பழகுகிறார்கள். முதல் வகையில் நடுத்தண்டும் இல்லை, தடுப்புச் சுவர்களும் இல்லை. காக்ளியா வெறும் நீர்ப்பையாக இருக்கும். மூன்றாம் வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம் காணப்படும். இதில் அறுவை சிகிச்சையின்போது மூளைத்தண்டுவட நீர் பீறிட்டு வருவதையும், இம்பிளாண்டின் எலெக்ட்ரோடு (மின்முனைகள் கொண்ட மெல்லிய இழை) வழிதவறி, செவி நரம்பு செல்லும் எலும்புக் குழாய்க்குள் நுழைவதையும் எதிர்பார்த்தே மருத்துவர்கள் தயாராவார்கள். காக்ளியாவே இல்லாத பிரிவும் இருக்கிறது. அங்கே இம்பிளாண்ட் வைக்க இடமில்லை. மூளைத்தண்டில் பொருத்தும் கருவியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சிடி ஸ்கேன் எலும்பைக் காட்டும். செவி நரம்பைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். எலும்பு ஓரளவு சரியாக இருந்தும் நரம்பு மெலிந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. என் பார்வையில் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “நரம்பு எப்படி இருக்கிறது?” என்பதுதான்.

மேப்பிங், அதாவது கருவியின் மின்னளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைப்பது, செய்யும்போதும் இந்த வேறுபாடு தெரியும். அமைப்பு மாறிய காதுகளுக்குச் சில சமயம் அதிக மின்னளவு தேவைப்படும். அப்போது பக்கத்தில் ஓடும் முக நரம்பும் தூண்டப்படலாம். சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளையின் கண்ணோ கன்னமோ துடித்தால், அதைக் குறும்பு என்று விட்டுவிடாதீர்கள். கைப்பேசியில் படம்பிடித்து வாருங்கள். எந்த மின்முனை காரணம் என்று கண்டுபிடித்து அதைக் குறைக்கவோ அணைக்கவோ எங்களால் முடியும்.

எனக்கு அதிகம் கவலை தருவது மூளைக்காய்ச்சல். காக்ளியா நீர்ப்பையாக இருக்கும் முதல் வகையில், நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையே உள்ள அங்கவடி எலும்பின் அடித்தட்டில் ஓட்டை இருக்கக்கூடும். நடுச்செவியில் வரும் கிருமி அந்த வழியாக மூளையுறை வரை போகலாம். இம்பிளாண்ட் வைக்காத மறுகாதிலும் இந்த ஆபத்து உண்டு. ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் காதையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசி மலேசியாவின் தேசிய அட்டவணையில் சேர்ந்தது 2020 இறுதியில்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குப் போடாமல் விடுபட்டிருக்கலாம், தடுப்பூசிப் பதிவைத் திறந்து பாருங்கள். இம்பிளாண்ட் வைத்த பிள்ளைக்கு 2 வயதுக்குப் பிறகு கூடுதல் ஊசி தேவையா என்றும் கேளுங்கள். கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், இம்பிளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உட்செவி நீர்க்குழாய் விரிந்திருக்கும் பிள்ளைகள். இவர்களுக்குப் பிறக்கும்போது ஓரளவு கேட்கும். தலையில் சின்ன அடி பட்டால்கூடச் செவித்திறன் சட்டென்று இறங்கலாம். பள்ளியில் காற்பந்துக் குழுவில் சேர்ப்பதற்கு முன், ஆசிரியரிடம் தலையால் பந்தை முட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் அறிக்கையோடு படங்கள் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனை மாறும்போது வெறும் அறிக்கையை வைத்துக்கொண்டு எங்களால் வகையை உறுதிசெய்ய முடிவதில்லை. படம் கையில் இருந்தால், கைக்குழந்தையை மீண்டும் மயக்கத்தில் கிடத்தி ஸ்கேன் எடுக்கும் தேவையைப் பல நேரம் தவிர்க்கலாம்.