சேர்ந்து வாழும் இருவர்: எந்தப் படிவத்தில் யார் பெயரை எழுதலாம்?

ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து, விடுதியில் பழகி, பிறகு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து பெண்ணும் பெண்ணுமாக, ஆணும் ஆணுமாக இணையராக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரிடம் ஒரே ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அரிசி, வாடகை, காய்ச்சல் எல்லாம் பொதுவாகவே நடக்கும். ஆனால் ஏதாவது ஒரு படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டம் வந்தால் பேனா நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒருபால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17-ல் வந்த தீர்ப்பு ஒருபால் திருமணத்துக்கு ஏற்பு தரவில்லை. எனவே கணவர், மனைவி என்ற சொற்கள் இப்போதைக்குக் கிடைக்காது. அந்தச் சொற்களைக் கேட்காத இடங்கள் பல உண்டு.

முதலில் வங்கி. பால்புதுமையினர் (ஒருபால் ஈர்ப்புள்ளோர், திருநர் முதலானோர்) கூட்டுக் கணக்கு தொடங்கவும், தமக்குப் பின் பணத்தை வாங்கிக்கொள்ளும் நாமினியாக இணையரை நியமிக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் தெளிவுபடுத்தியது. நியமிக்கப்படுபவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. 'நண்பர்' என்று எழுதினாலே போதும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமித்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்தும் கொடுக்கலாம். அம்மாவுக்குப் பாதி, இணையருக்குப் பாதி என்று எழுத விரும்புகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒன்றை மறக்கக் கூடாது. நியமனம் பெற்றவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே தவிர, அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். சட்டப்படியான வாரிசுகள் பிறகு வழக்குப் போடலாம். அதனால் உயிலும் எழுதி வையுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமல்ல, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னாளில் சண்டை குறையும். சொத்தைப் பெறுகிறவரே சாட்சியாக இருக்க வேண்டாம்.

வருங்கால வைப்பு நிதிக்கு விதி வேறு. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரையே அது குடும்பம் என்கிறது. அவர்களில் ஒருவர் இருந்தாலும் வெளியாளை நியமிப்பது செல்லாது. தருமபுரிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் உங்கள் சம்பளத்தை நம்பி அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால், இணையரின் பெயரை இதில் எழுதிப் பயனில்லை. அவருக்கென்று வங்கியில் தனியாகச் சேமியுங்கள்.

ரேஷன் அட்டையைப் பொறுத்தவரை, ஒருபால் இணையர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2024-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகும்போது இதைக் குறிப்பிட்டு எழுத்திலேயே விண்ணப்பியுங்கள். மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

படிவங்களை விடக் கடினமான நேரம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து உறவினர்கள் வந்து ஒருவரை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடைத்து வைத்துவிடும் நேரம் அது. வயதுவந்தவரை அப்படி அடைத்து வைக்கப் பெற்றோருக்கும் உரிமை இல்லை. அடைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவில் (அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கேட்கும் மனு), சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் அவரை விடுவித்தது. திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் அது சொன்னது. காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்து, விசாரணையில் இருவரும் மனமொத்த வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2021-லேயே காவல் துறைக்கு உத்தரவிட்டிருக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். 'ஒருபால் ஈர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை சொல்லும் மருத்துவரிடம் யாராவது இழுத்துப் போனால் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.