குடிநீர் பாதுகாப்பு அறிவிப்பு: மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்களில் யார் தர வேண்டும், நாம் எப்படிக் கேட்டுப் பெறுவது

திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய பகுதிகள் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. அங்கே குழாயில் வரும் தண்ணீருக்குப் பொறுப்பு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம். எல்லைக்கு வடக்கே அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், வல்லூர் போன்ற ஊர்கள் திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர் ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகள். அங்கே மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது, குளோரின் கலப்பது, குழாய் உடைந்தால் சரிசெய்வது எல்லாம் ஊராட்சியின் வேலை. இரு பக்கத்து மக்களும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள்தாம் என்றாலும், தண்ணீரில் நாற்றம் அடித்தால் போய் நிற்க வேண்டிய அலுவலகம் வேறு. தண்ணீர் குடிக்கத் தகாததாகிவிட்டது என்பதை யார், எப்போது, எப்படித் தெரிவிக்க வேண்டும் என்ற கேள்வி கிராமப் பக்கத்தில்தான் கூடுதலாகக் குழம்பிக் கிடக்கிறது என்பதால், இந்த விளக்கம் முதன்மையாக அவர்களுக்கானது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். குடிநீர் வழங்குவது கிராம ஊராட்சியின் கடமைகளில் ஒன்று என்று 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், நோய்த்தொற்றுக்குக் காரணமாகலாம் என்று ஐயம் எழும் நீர்நிலையைப் பயன்படுத்தக் கூடாதென்று தடுக்கும் அதிகாரத்தைச் சுகாதார அலுவலருக்கு அளிக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியாக ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீரை, இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தில் தர வேண்டும் என்கிறது. ஆனால் இந்தத் தரம் குழாய்த் தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு வழிகாட்டிதானே தவிர, மீறினால் தண்டனை என்ற கட்டாயம் அதில் இல்லை. தண்ணீர் தரம் தவறிய இத்தனை மணி நேரத்துக்குள் வீடு வீடாகத் தெரிவிக்க வேண்டும் என்ற கெடுவும் அதில் இல்லை.

அப்படி ஒரு கெடு இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் விதியைப் பார்க்கலாம். சிறிய ஊரகக் குடிநீர் அமைப்புகளுக்கும் பொருந்தும் அந்த விதிப்படி, மலக் கிருமியான ஈ.கோலை தண்ணீரில் உறுதியானாலோ, நைட்ரேட் அளவு மீறினாலோ, 24 மணி நேரத்துக்குள் பயனாளிகள் அனைவருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். உடனடி ஆபத்தில்லாத மீறல்களுக்கு 30 நாளும், பரிசோதனையையே விட்டுவிட்டது போன்ற தவறுகளுக்கு ஓராண்டும் தவணை உண்டு. இவை தவிர, ஆண்டுதோறும் ஜூலை 1க்குள் முந்தைய ஆண்டின் பரிசோதனை முடிவுகளை அறிக்கையாகத் தர வேண்டும். நம் ஊரில் இந்த வேலையை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய தாளும், தெரு வாட்ஸ்அப் குழுவும் செய்கின்றன. சட்டம் கெடு வைக்காவிட்டாலும் பரிசோதனை முடிவு அரசு ஆவணம் என்பதால், அதைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

ஜல் ஜீவன் வழிகாட்டுதலின்படி, ஒவ்வொரு நீராதாரத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் பரிசோதனையும், மழைக்கு முன்பும் பின்பும் என இருமுறை கிருமிப் பரிசோதனையும் நடக்க வேண்டும். ஊருக்கு ஐந்து பேருக்கு, பெண்களுக்கு முன்னுரிமை தந்து, பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்க வேண்டும். பெட்டியில் உள்ள வேலை கடினமானதன்று. குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கண்ணாடிக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் இளமஞ்சளாகும்; அந்த மஞ்சளை நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்கிறார்கள். நிறமே மாறாவிட்டால் குளோரின் இல்லை என்று பொருள். கிருமிக்கு வேறு குப்பி: அதில் தண்ணீரை ஊற்றி மூடி ஓரிரு நாள் வைத்திருந்தால், மலக் கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, சோதனைத் தண்ணீரை எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்பதுதான். தொட்டியின் கீழே பிடித்தால் குளோரின் இருக்கும்; தெருக்கோடி வீட்டில் அதன் சுவடே இருக்காது. குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் ஒரு லிட்டரில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது வீட்டுக் குழாய்க்கான அளவு. நாளில் ஒரு மணி, இரண்டு மணி மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில், மீதி நேரமெல்லாம் காலியாகக் கிடக்கும் குழாய், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையை உள்ளிழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பை இன்னும் பெரிதாக்குவது, வரும் கொஞ்சத் தண்ணீரையும் உறிஞ்ச நாமே குழாயில் நேரடியாகப் பொருத்தும் மோட்டார். ஊராட்சியைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அறிவிப்பு வந்துவிட்டால் அதில் ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். கிருமிக்கு அது சரியான மருந்து: தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்துக் குடித்தால் போதும். பல் தேய்க்க, காய்கறி அலச, குழந்தைக்குப் பால்மாவு கரைக்க என எல்லாவற்றுக்கும் காய்ச்சிய தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். காய்ச்ச வசதி இல்லாதபோது குளோரின் மாத்திரையை உறையில் சொன்ன அளவில் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ஆனால் மீஞ்சூர்ப் பகுதியின் பழைய நோவு கிருமியன்று, உப்பு. ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தடி நீரைப் பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் சென்னை நகருக்குமாகப் பல பத்தாண்டுகள் இறைத்ததால், கடல் நீர் மண்ணுக்கடியில் உள்நாட்டுக்குள் பல கிலோமீட்டர் ஏறிவிட்டது. இப்படி இறைப்பதைக் கட்டுப்படுத்தத்தான் 1987இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டமும் வந்தது. உப்பு மிகுந்த தண்ணீரைக் காய்ச்சினால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அப்படியே நின்று இன்னும் செறிவாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் இப்படியே. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுப்பது, காய்ச்சாமல் கொடுப்பதைவிட மோசம். குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை அது குறைத்து, உடல் நீலம் பாயும் அளவுக்குக் கொண்டுபோகலாம். ஆகவே காரணம் சொல்லாமல் காய்ச்சச் சொல்லும் அறிவிப்பு பாதி அறிவிப்புதான். காரணம் கிருமியா, உப்பா, நைட்ரேட்டா என்று கேட்ட பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். உப்போ நைட்ரேட்டோ என்றால் வழி வேறு ஆதாரம் மட்டுமே: லாரித் தண்ணீர், வேறு ஆழ்துளைக் கிணறு, அல்லது உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் தெளிவாக அச்சிட்ட கேன்.

காரணத்தைப் போலவே, எந்தத் தெருக்களுக்கு, எந்தத் தேதியிலிருந்து, மறுபரிசோதனை எப்போது, யாரைக் கேட்பது என்பவையும் அறிவிப்பில் இருக்க வேண்டும். நான் பார்த்த தாள்களில் எப்போதும் விடுபடுவது, எச்சரிக்கை எப்போது முடிகிறது என்பதே. முடிவு அறிவிப்பு வராததால் சிலர் மூன்றாம் நாளே பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் கேனுக்குப் பணம் கொடுக்கிறார்கள். தண்ணீர் சரியாகிவிட்டதென்று அறிவித்த பிறகு, குழாயைச் சில நிமிடங்கள் திறந்துவிட்டு, வீட்டு சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கழுவிய பின்பே அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்தபோது சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கிய வீடுகளில், குழாய்த் தண்ணீர் எவ்வளவு நன்றாக வந்தாலும் பயனில்லாமல் போயிருக்கும்.

பரிசோதனை முடிவைப் பெறப் பல வழிகள் உண்டு. கிராம சபை தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்று இதைக் கேட்பது பொருத்தம். எந்தக் குழாயில், எந்தத் தேதியில் தண்ணீர் பிடித்தீர்கள், குளோரின் எவ்வளவு இருந்தது, குப்பி கறுத்ததா என்று குறிப்பாகக் கேட்டுப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தின் நீர்த்தர இணையதளத்தில் ஊர்வாரியாக முடிவுகள் பதிவாகின்றன. வீட்டுத் தண்ணீரைத் தனியாகச் சோதிக்க விரும்பினால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சிறு கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம்; கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும், வீட்டுத் தண்ணீர் பாட்டில் ஆகாது.

இவை பலிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொல்கிறது. தெருவில் பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு கண்டிருந்தால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டின் நகலையும் இணைத்துக் கேட்பது நல்லது.

முறையீட்டைப் பொறுத்தவரை, மாநகராட்சிப் பக்கத்தில் வசிப்பவர்கள் குடிநீர் வாரியத்தை 1916 என்ற எண்ணில் அழைத்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊராட்சிப் பக்கத்தில் முதலில் ஊராட்சிச் செயலரிடமும், பிறகு வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளிலும் மனுக் கொடுக்கலாம்; முதல்வரின் 1100 எண்ணிலும் பதியலாம். மனுவில் ‘தண்ணீர் சரியில்லை’ என்று எழுதுவதைவிட, எந்தத் தேதி முதல், காலையில் திறந்ததும் வரும் முதல் குடத்திலா எல்லாக் குடத்திலுமா, நிறமா நாற்றமா சுவையா, பக்கத்து வீட்டுக் குழாயிலும் அப்படியா என்று எழுதினால், உடைப்பு தெருக்குழாயிலா வீட்டு இணைப்பிலா என்பதை டேங்க் ஆபரேட்டர் வந்து பார்க்கும் முன்பே பொறியாளரால் ஓரளவு ஊகித்துவிட முடியும்.