மதில் இல்லாத இடத்துக்கு ஒரு வாசல்

கிரேக்க நாட்டின் எபிடாரஸில் உள்ள, மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸின் தலத்துக்கு நோய் தீர வேண்டி வந்தவர்கள், கடலோர நகரத்திலிருந்து புறப்பட்டு வடக்குப் பக்கமாக வந்து சேர்வார்கள். அந்தப் பாதை தலத்தைத் தொடும் இடத்தில் கி.மு. 300 வாக்கில் எழுந்தது ப்ரொப்பிலாயா என்னும் நுழைவு மண்டபம். இதைச் சேர்த்து மதில் எதுவும் ஓடவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ், புனிதத் தோப்பைச் சுற்றி எல்லைக் கற்கள் நின்றதாகத்தான் எழுதுகிறார். பிரசவமோ சாவோ அந்த எல்லைக்குள் நிகழக் கூடாது. நோயாளிகள் குவியும் இடத்தில் இது பெரும் சங்கடம். கடைசியில் அந்தோனினஸ் என்ற ரோமானியச் செனட்டர் அதற்கென்றே தனிக் கட்டடம் கட்டிக்கொடுத்தார்.

மண்டபத்தின் வெளிமுகத்தில் சுருள் தலை கொண்ட அயோனியப் பாணியில் ஆறு தூண்கள். உள்ளே இலை செதுக்கிய தலை கொண்ட கொரிந்தியப் பாணித் தூண்கள். இந்த மாற்றம் அழகுக்காக மட்டும் இருக்காது. அயோனியத் தூணின் தலைப்பகுதியில் சுருள்கள் முன்னும் பின்னும்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் உருட்டிய திண்டு போல இருக்கும். மூலைத் தூணில் இது சிக்கலாகிவிடும். இரு பக்கமும் முகம் காட்ட வேண்டுமே! அதனால் மூலைச் சுருளை மட்டும் 45 பாகைக்குத் திருப்பிச் செதுக்குவார்கள். கொரிந்தியத் தலைக்கு நான்கு பக்கமும் ஒரே முகம் என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

மேடைக்குப் படிகளை நம்பாமல் ஏறவும் இறங்கவும் வடக்கிலும் தெற்கிலும் கற்சாய்தளங்கள் உண்டு. எபிடாரஸில் 9 கட்டடங்களில் 11 சாய்தளங்கள் இருந்ததாகத் தொல்லியலாளர் டெபி ஸ்னீட் 2020இல் கணக்குக் காட்டினார். நடக்க முடியாதவர்களுக்காகவே அவை என்பது அவர் வாதம். தென்கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பனீஸின் கோயில்களில் சாய்தளம் பொதுவான வழக்கம்தானே என்று மறுப்பவர்களும் உண்டு. ஊன்றுகோலுக்கும் பலிமாட்டுக்கும் ஒரே சரிவு உதவியிருக்கலாம். ஆனால் சரிவின் அளவு முக்கியம். ஒரு மீட்டர் உயரத்தை 5 மீட்டர் நீளத்தில் ஏறினால் தூக்குப்படுக்கை சுமப்பவர்கள் சமாளிப்பார்கள். இன்றைய சக்கர நாற்காலி விதிப்படி (12க்கு 1) அதே உயரத்துக்கு 12 மீட்டர் வேண்டும்.

கிரேக்கர்கள் இத்தகைய கட்டடங்களில் கற்களைச் சாந்து பூசி ஒட்டுவதில்லை. விளிம்புகளை மட்டும் வழுவழுப்பாகத் தேய்த்துப் பொருத்தி, இரும்புக் கவ்வி வைத்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் தண்ணீரை அண்டவிடாது. அது விரிசல் கண்டால் இரும்பு துருப்பிடிக்கும். துரு உப்பி, கல்லையே பிளந்துவிடும். பிற்காலத்தில் இந்த உலோகத்துக்காகவே பழைய கட்டடங்களின் இணைப்புகளைத் தோண்டினார்கள். பெயர்ந்த கற்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

1881இல் பனயோட்டிஸ் கவ்வாடியாஸ் இங்கே அகழாய்வைத் தொடங்கினார். ப்ரொப்பிலாயாவில் இப்போது பார்க்கக் கிடைப்பது அடித்தளமும் தரையும் சாய்தளங்களும்தான். பயணிகள் தெற்கே, பழைய நாடக அரங்கத்துப் பக்கமாக உள்ளே வருகிறார்கள். ஆகவே பழைய முதல் வாசலைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள், பலர் அங்கே போவதே இல்லை.