பெயரை நீக்கினால் மட்டும் போதுமா? மருத்துவ ஆய்வும் தனிப்பட்ட தரவுச் சட்டமும்

"உங்கள் கிளினிக் கொப்பியில் உள்ள விவரங்களை ஓர் ஆய்வுக்கு எடுக்கலாமா? பெயர் வராது" என்று கேட்டவுடன் தயங்காமல் கையெழுத்திடுவோர் திருகோணமலையில் பலர் உண்டு. ஆய்வுக்கு உதவுவது நல்ல காரியம்தான். ஆனால், பெயர் வராது என்பதற்கும் ஆளை அறிய முடியாது என்பதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் தனிப்பட்ட தரவாகவே கருதுகிறது. உடல்நலம், மரபணு, இனம், மதம் பற்றிய தகவல்கள் கூடுதல் பாதுகாப்புக்குரிய விசேட வகையைச் சேர்ந்தவை.

அடையாள அட்டை இலக்கத்தையே பாருங்கள். பழைய அட்டையொன்று 85643 என்று தொடங்கினால், 85 பிறந்த ஆண்டைக் குறிக்கும். 643 இலிருந்து பெண்களுக்குரிய 500 ஐக் கழித்தால் ஆண்டின் 143 ஆம் நாள், அதாவது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் எனக் கொள்ளும் இந்த இலக்க முறையில் மே 22. பெயரை அழித்துவிட்டு இலக்கத்தை விட்டுவைத்த பட்டியல், பிறந்த தேதியையும் பாலையும் எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. இலக்கத்தையும் நீக்கிய பின்னர்கூட, வெருகலிலோ மொறவெவயிலோ ஒரு கிராம சேவையாளர் பிரிவின் பெயரும், வயதும், அங்கு சிலரே உள்ள ஓர் இனத்தின் பெயரும், அரிய நோயொன்றும் ஒரே வரியில் நின்றால், அயலவர் ஆளைச் சொல்லிவிடுவார். மூன்று சமூகங்களும் கலந்து வாழும் எங்கள் மாவட்டத்தில் மிகுந்த கவனம் வேண்டியது இங்கேதான் என்பது என் கருத்து. கிராமத்துக்குப் பதிலாக மாவட்டத்தையும், வயதுக்குப் பதிலாக 40 முதல் 49 வரை போன்ற வயதுத் தொகுதியையும் பதிவது இதற்காகவே.

பெயருக்குப் பதிலாகக் குறியீடு இட்டு, எந்தக் குறியீடு யாருடையது என்று காட்டும் திறவுப் பட்டியலை வேறாகப் பூட்டி வைத்தால், அத்தரவு தனிப்பட்ட தரவாகவே தொடரும். சட்டமும் தொடர்ந்து பொருந்தும். மீண்டும் ஆளைக் கண்டறியவே முடியாதபடி அடையாளம் அகற்றப்பட்ட தரவு மட்டுமே சட்டத்தின் எல்லைக்கு வெளியே போகிறது. இந்த வேறுபாடு உங்களுக்கும் முக்கியமானது. குறியீடு உள்ளவரை உங்கள் வரியைத் தேடி எடுக்கலாம். அதனால் சம்மதத்தை மீளப்பெறும் உரிமைக்கும், தவறைத் திருத்தக் கேட்கும் உரிமைக்கும் பயன் இருக்கும். சம்மதத்தை மீளப்பெற்றாலும், அதற்கு முன்னர் செய்யப்பட்ட வேலை சட்டவிரோதமாகிவிடாது. அடையாளம் முற்றாக அகன்ற பின்னரோ, எது உங்கள் வரி என்று ஆய்வாளருக்கே தெரியாது.

விஞ்ஞான ஆய்வுக்கெனத் தரவை வழமையான காலத்தை விட நீண்ட நாட்கள் வைத்திருக்கவும் சட்டம் இடமளிக்கிறது. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சட்டம் ஒரே நாளில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கான பகுதியே 2023 இல் முதலில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எந்தப் பிரிவையும் மேற்கோள் காட்டி எழுதும் முன்னர், அதற்குரிய வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன்னர், திறவுப் பட்டியல் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும், ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு அனுமதி வழங்கியுள்ளதா என்று கேளுங்கள். பதில்கள் சம்மதப் படிவத்திலேயே தமிழில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.